பென்னிகுயிக் படத்துக்குக் கீழே ஒரு பெஞ்ச்

தேனி மாவட்டத்தில் கூடலூரிலோ கம்பத்திலோ ஒரு பழைய டீக்கடைக்குள் நுழைந்து சுவரைப் பாருங்கள். கடைக்காரரின் சமயத்தைப் பொறுத்து முருகனோ, மாதாவோ, மக்காவோ இருக்கும். மறைந்த தந்தையின் படம் மாலையோடு இருக்கும். இவர்களோடு பல கடைகளில் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரரும் தொங்குவார். அவர் ஜான் பென்னிகுயிக். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட பொறியாளர். 1895இல் வந்த அந்தத் தண்ணீரால்தான் கம்பம் பள்ளத்தாக்கு இரண்டு போகம் விளைகிறது. இன்னமும் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

இங்கிலாந்தில் படம் கடைக்கு வெளியே தொங்கும். 1393இல், இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில், லண்டனில் பார்லி மது காய்ச்சி விற்கிறவர்கள் வாசலில் ஓர் அடையாளம் மாட்டியே தீரவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மாட்டாதவர் தன் சரக்கை இழக்க வேண்டியதுதான். எழுத்துத் தெரியாதவர்கள் நிறைந்த ஊரில் படம்தான் பெயர்ப்பலகை. மன்னர் தலை, செஞ்சிங்கம், கலப்பை என்று ஆங்கில பப்புகளுக்கு இன்றைக்கும் இருக்கிற பெயர்களெல்லாம் அந்தப் படங்களிலிருந்து வந்தவை.

அந்தப் படங்களுக்கும் கம்பத்துப் பென்னிகுயிக்குக்கும் உறவில்லை. படத்துக்குக் கீழே இருக்கிற இடத்துக்கு உறவுண்டு. தெருவைப் பார்த்த முன்னறையில் கடை, பின்கட்டிலோ மாடியிலோ குடும்பம். ஒரு கோப்பைக்கான காசைக் கொடுத்தால் உட்காரும் உரிமை. உட்கார்ந்தவர் பக்கத்திலிருப்பவரோடு பேசுவதற்கு அறிமுகம் தேவையில்லை. தெருமுனையில் ஒரு குடும்பம் நடத்துகிற ஆங்கில பப்புக்கு இதுதான் இலக்கணம். தேனி மாவட்டத்து டீக்கடைக்கும் இதுவேதான். கோப்பையில் இருக்கும் சரக்கு மட்டும் வேறு. அந்தச் சரக்கு மாறிய கதையும், மாறிய பிறகு அது போடிக்கு வந்து சேர்ந்த கதையும் சீனா, லண்டன், அசாம், இலங்கை, மூணாறு என்று சுற்றி வருகிறது.

பப்பின் ஏகபோகத்தை முதலில் உடைத்தது காப்பி. 1652இல் பாஸ்குவா ரோசே என்பவர் லண்டனில் முதல் காப்பிக்கடையைத் திறந்தார். கீழை நாடுகளோடு வணிகம் செய்த ஓர் ஆங்கிலேயரிடம் வேலை பார்த்தவர் அவர். எஜமானருக்குக் காப்பி போட்டுக்கொடுத்த கை ஊருக்கே போட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. ஒரு பென்னி கொடுத்தால் காப்பியும் செய்தித்தாளும் வாதமும் கிடைக்கும். பீர் குடித்தவர்கள் மாலையில் சண்டை போட்டார்கள். காப்பி குடித்தவர்கள் தெளிவாக அரசியல் பேசினார்கள். மன்னருக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் பயம். 1675 டிசம்பர் கடைசியில் இரண்டாம் சார்லஸ் காப்பிக்கடைகளை மூடச்சொல்லி ஆணையிட்டார். எதிர்ப்புக் கிளம்பியதும் பத்துப் பன்னிரண்டு நாளில் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அதே சார்லஸின் மனைவி போர்த்துகல் இளவரசி கேத்தரின். 1662இல் கல்யாணமாகி வந்தபோது சீதனமாகப் பம்பாய்த் தீவு வந்தது, அவரோடு தேநீர்ப் பழக்கமும் வந்தது. டீ அதற்கு முன்பே லண்டனில் மருந்துச் சரக்காக எட்டிப் பார்த்திருந்தது. அரசி குடிக்கிறார் என்றதும் பிரபுக்கள் வீட்டுப் பானமாயிற்று. 1706இல் தாமஸ் ட்வைனிங் லண்டனில் ஒரு காப்பிக்கடையை வாங்கி அங்கே டீயைப் பிரபலமாக்கினார். காப்பிக்கடைக்குள் பெண்கள் நுழைவது அக்காலத்தில் வழக்கமில்லை. சீமாட்டிகள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வேலையாளை உள்ளே அனுப்புவார்கள். ட்வைனிங் 1717இல் பக்கத்திலேயே பெண்கள் தாங்களே உள்ளே வந்து இலை வாங்கிக்கொள்ளும்படி இன்னொரு கடையைத் திறந்தார். வியாபாரம் எங்கேயோ போய்விட்டது. இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். மூன்று நூற்றாண்டு கழித்து, கம்பத்தில், இது திரும்பவும் தேவைப்படும்.

டீ ஏழைவீட்டுக்குள் போனதற்குக் காரணம் வரிக்குறைப்பு. டீயின் மேல் இருந்த 119 சதவீத வரியை 1784இல் 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். கள்ளக்கடத்தல்காரர்களின் பிழைப்பு படுத்துவிட்டது. அடுத்த நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளியின் காலை உணவே டீயும் ரொட்டியும் ஆனது.

அங்கிருந்து கதை ஓர் எதிர்பாராத கைக்குப் போகிறது. 1832இல் பிரெஸ்டன் என்ற ஆலை நகரத்தில் ஜோசப் லைவ்சேயும் வேறு ஆறு பேரும் இனி மதுவைத் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். பப்புக்குப் போகாத தொழிலாளி மாலையில் எங்கே போவான்? அவனுக்காகப் பெரிய பெரிய டீ விருந்துகளை நடத்தினார்கள். மதுவிலக்கும் டீயும் கைகோத்தது அப்படித்தான். 1864இல் ஒரு ரொட்டி கம்பெனியின் லண்டன் கடையை நடத்திய பெண்மணி, பழகின வாடிக்கையாளர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர், முதலாளிகளிடம் பேசி அதையே வியாபாரமாக்கினார் என்று சொல்வார்கள். அதைப் பார்த்து 1894இல் லயன்ஸ் கம்பெனி பிக்காடிலியில் முதல் டீக்கடையைத் திறந்தது. நாடெங்கும் கிளைகள் முளைத்தன. துணைக்கு ஆண் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்து, குடித்து, காசு கொடுத்துவிட்டு எழுந்து வரக்கூடிய பொது இடமாக இந்த டீக்கடைகள் இருந்தன.

அதே மதுவிலக்கு இயக்கம் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. டபிள்யூ. எஸ். கெய்ன் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி 1888இல் ஆங்கிலோ இந்திய மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கி, இந்தியா வந்து ஊர் ஊராகப் பேசினார். காங்கிரஸ்காரர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். கள்ளுக்கடைகளை ஏலம் விட்டுக் கஜானாவை நிரப்பிக்கொண்டிருந்தது அவருடைய நாட்டு அரசாங்கம்தான். அந்தக் கோபம் காந்தி காலத்தில் மறியலாக மாறியது. 1921இல் ஈரோட்டில் பெரியாரும், அவர் மனைவி நாகம்மையும், தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன் நின்றார்கள். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948க்குள் சென்னை மாகாணம் முழுக்கக் கள்ளுக்கடை மூடியாயிற்று. பிரெஸ்டனில் ஏழு பேர் போட்ட கையெழுத்துக்கும் தேனிச் சந்தைக்குப் பக்கத்தில் மூடிய கள்ளுக்கடைக்கும் இடையே இப்படி ஒரு கொடிவழி இருக்கிறது.

கடைக்கு இடம் தயார். இனி இலை வரவேண்டும். அது வந்த வழி தேனிக்காரர்களின் தலைக்கு மேலேயே இருந்தது.

சீனாவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அசாமில் காட்டுத் தேயிலையைத் தேடியது. 1848இல் ராபர்ட் பார்ச்சூன் என்ற தோட்டக்கலைஞரைச் சீனாவுக்கு அனுப்பியது. அவர் சீனர் வேடத்தில் உள்நாட்டுக்குள் போய்க் கன்றுகளையும் தொழில் தெரிந்த ஆட்களையும் கொண்டுவந்தார். தெற்கில் டீ பரவியதற்கு ஒரு பூஞ்சைக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். 1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரவில் தேயிலை போட்டுப் பார்த்திருந்தார். எல்லாரும் அவர் வழிக்கு வந்தார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்யக் கடல் தாண்டிப் போனது பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கூலிமக்கள்.

போடிக்கு மேலே இருக்கிற மலைக்கு ஜான் டேனியல் மன்றோ வந்து சேர்ந்தார். 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். முதலில் அங்கே டீ இல்லை. சிங்கோனா போட்டார்கள், காப்பி போட்டார்கள், கற்றாழை நார்கூடப் போட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் ஒரு சிறிய இடத்தில் தேயிலை நட்டார். அது பிடித்துக்கொண்டது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று.

கொல்லத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ மூணாறுக்கு ஏறுவது கடினம். கிழக்கே போடியிலிருந்து ஏறுவதுதான் வசதி. ஆகவே ஆளும் அரிசியும் போடி வழியாக மேலே போயின. கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனான். கடனும் கூடவே மலையேறியது. அந்த வாழ்க்கை எப்படியிருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள், ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி டாக்டர் பி. எச். டேனியல் 1969இல் எழுதிய நாவலை, இரா. முருகவேள் தமிழில் தந்த ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் படிக்கலாம். மூணாறு வேறு மலை என்றாலும் கங்காணி ஒருவன்தான்.

டீ கீழே வந்த வழிதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1902இல் மூணாறிலிருந்து மலை விளிம்புவரை ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. அதை இழுத்தது எஞ்சின் இல்லை, காளைமாடு. 1908இல் அதை மாற்றிச் சிறிய ரயில் பாதையே போட்டார்கள். பாதை முடியும் இடத்துக்கு டாப் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து டீப்பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி, குரங்கணிக்குப் பக்கத்தில் கொட்டகுடிக்குச் செங்குத்தாக இறங்கும். அங்கே மாட்டுவண்டி காத்திருக்கும். வண்டி போடிக்குப் போகும், சரக்கு ரயிலடிக்கும் துறைமுகத்துக்கும் போகும், பிறகு இங்கிலாந்துக்கு. 1924 ஜூலையில் பெய்த பேய்மழை, கேரளத்தில் கொல்லம் ஆண்டை வைத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்கிற வெள்ளம், அந்த ரயில்பாதையைத் தடமில்லாமல் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையேற்றம் போகிறவர்கள் இன்றைக்கும் குரங்கணி, சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்றுதான் வழி சொல்கிறார்கள். அங்கே ஸ்டேஷனும் இல்லை, ரயிலும் இல்லை. டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது என்பது பல சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியாது.

இத்தனை டீயும் தேனி மண்ணின் மேல்தான் போயிற்று. ஆனால் நிற்கவில்லை. பெட்டியை ஏற்றி இறக்கியவர் கேப்பைக்கூழும் நீராகாரமும் குடித்தார். அவர் தலையில் சுமந்தது லண்டன்காரர் குடிக்கவேண்டிய சரக்கு.

மலைமேல் அசல் ஆங்கில பப்பின் ஒரு மறுபதிப்பே உருவாகியிருந்தது. மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பில் ஆண்களுக்கு மட்டுமான ஒரு மதுவறை உண்டு. சுவரில் மான்கொம்புகளும், நெடுங்காலம் மலையில் வேலை பார்த்துவிட்டுப் போன துரைமார்களின் தொப்பிகளும் இருக்கும். மரச்சாமான், கணப்பு என்று தங்கள் கிராமத்து பப்பின் சூட்டை அவர்கள் அங்கே கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றை மட்டும் கொண்டுவரவில்லை. பப் என்றால் பொதுமக்கள் வீடு. இங்கே இலை பறித்தவருக்கு வாசல்படிகூட இல்லை.

அந்த இலை கீழே நின்றதற்குக் காரணம், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி. லண்டனில் டீ விலை சரிந்தது. 1933இல் இந்தியாவும் இலங்கையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ள ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அப்படியானால் மிச்ச டீயை யார் குடிப்பது? தோட்ட முதலாளிகளின் கண் முதல்முறையாகத் தீவிரமாக உள்ளூர்க்காரர் மேல் விழுந்தது. 1903இலேயே டீக்கு ஒரு தீர்வை போட்டு விளம்பர நிதி சேர்த்து வைத்திருந்தார்கள். இப்போது அந்தப் பணம் ஊர் ஊராக இறங்கியது. ரயில் நிலையங்களில் எனாமல் பலகை, தெருத்தெருவாக வண்டி, சந்தையில் இலவச டீ, வீட்டுப் பெண்களுக்குச் செய்துகாட்டப் பிரசாரகர்கள்.

அவர்கள் சொல்லிக்கொடுத்த முறை சுத்தமான ஆங்கில முறை. தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவை, இலைமேல் ஊற்று, மூடிவை, பிறகு கொஞ்சம் பால். நம் கடைக்காரர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், தங்கள் கணக்குப்படி மாற்றிக்கொண்டார்கள். இலை விலை அதிகமா? அதையே துணிப்பையில் போட்டுத் திரும்பத் திரும்ப இறக்கு. பாலைத் தாராளமாக ஊற்று. சீனியைப் போடு. இஞ்சியைத் தட்டு, ஏலக்காய் மலையிலிருந்து வருகிறதே, அதையும் போடு. பிரசாரகர்கள் மனம் நொந்தார்கள். இப்படிப் பாலும் மசாலாவும் கூட்டினால் இலை குறைவாகச் செலவாகும், விற்பனை கெடும் என்பது அவர்கள் கவலை. கடைக்காரர்கள் திருந்தவில்லை. நல்லவேளை. இன்றைக்கு உலகம் முழுக்க மசாலா டீ என்று விற்கிற பானம் அந்தத் திருந்தாத கடைக்காரர்களின் கண்டுபிடிப்பு.

ஓர் இயந்திரமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. 1930 வாக்கில் அசாமின் அம்கூரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். அதில் வரும் சிறு உருண்டைத் தூள் சீக்கிரம் நிறம் இறங்கும், கொஞ்சம் போட்டாலே கடுமையாக இருக்கும், எவ்வளவு பால் ஊற்றினாலும் தாங்கும். சுதந்திரத்துக்குப் பிறகு அது நாடெங்கும் பரவியபோது ஏழையின் டீ அதுவாயிற்று.

கடை நடுவில் நிற்கிற பாய்லருக்கும் ஒரு வழித்தடம் இருக்கிறது. நடுவில் கரி, சுற்றிலும் தண்ணீர், கீழே குழாய் என்ற அமைப்பை ரஷ்யாவின் துலா நகரத்தில் 1778இல் லிசித்சின் குடும்பத்தார் பட்டறை வைத்துச் செய்து விற்றார்கள். குமுளி தாண்டினால் மலையாளிகள் அதை இன்றும் சமோவர் என்றே கூப்பிடுகிறார்கள். நம் பக்கம் அது வெறும் பாய்லர். காலையில் விபூதிப்பட்டை போட்டு, பூ வைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் பற்றவைப்பார்கள்.

கடையை நடத்த வந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். மலையாள நாட்டிலிருந்து இறங்கிய நாயர் கடைகள் தமிழ்நாடு முழுக்கப் புகழ்பெற்றவை. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர்களின் பாய் கடைகள். எஸ்டேட்டில் உழைத்துச் சேர்த்த காசோடு கீழே வந்து கடைபோட்ட குடும்பங்களும் உண்டு. யார் கடையானாலும் நடப்பு ஒன்றுதான். பட்டறையில் அப்பாவோ அண்ணனோ டீ ஆத்துவார். வாணலிக்கு முன்னால் அம்மா பருப்புவடை தட்டுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கிளாஸ் கழுவும், எச்சில் தட்டு எடுக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீளநோட்டு. அறுப்பு முடிந்ததும் தருகிறேன், ஏலக்காய் போட்டதும் தருகிறேன் என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கும். மாமா, அண்ணே, மாப்ளே என்று உறவு சொல்லித்தான் ஆர்டர் வரும். “அண்ணே, சீனி கம்மியா ஒண்ணு, ஸ்ட்ராங்கா ரெண்டு.” மாஸ்டர் எழுதிக்கொள்வதில்லை. பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னாலும் சரியாக வரும்.

பெஞ்சில் செய்தித்தாள் வந்து உட்கார்ந்தது 1942இல். சி. பா. ஆதித்தனார் லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர். அங்கே சாதாரண மக்கள் கையில் ‘டெய்லி மிரர்’ பத்திரிகை புரண்டதைப் பார்த்தவர். அதே பாணியில், சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு, பேச்சுத் தமிழ் என்று மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கினார். ஒரு தாள், நாலு பக்கமாகப் பிரிந்து, நாலு பெஞ்சில் நாற்பது பேரிடம் போகும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், எல்லாரும் வாதிடுவார்கள். 1652இன் லண்டன் காப்பிக்கடை அப்படியே நம் தெருவில். டீக்கடைப் பேச்சையே வைத்து ‘தினமலர்’ நெடுங்காலமாக ஓர் அரசியல் பத்தி நடத்துகிறது.

அரசியல் உண்மையாகவே அங்கே நடந்தது. 1958இல் மூணாறு மலையின் தேவிகுளம் தொகுதியில் சட்டமன்ற இடைத்தேர்தல். தோட்டத் தொழிலாளிகள் தமிழர்கள். பண்ணைப்புரத்துக்காரரான பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக்காக அந்த மலையில் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். இந்தப் பாட்டுக்காரரின் தம்பிதான் இளையராஜா. பின்னாளில் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு டீக்கடையின் ரேடியோவிலும் ஒலித்தது அந்தக் குடும்பத்துக் குரலும் இசையும்.

இவ்வளவு பெருமையாகச் சொல்லிவிட்டு ஒன்றை விட்டுவிட முடியாது. பொது இடம் என்று நான் புகழ்கிற இதே பெஞ்சில் எல்லாரையும் உட்காரவிடவில்லை. மதுரை, தேனி வட்டாரச் சிற்றூர்களில் தலித் மக்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்தார்கள். அதற்கு முன்பு சிரட்டை. குடித்துவிட்டுத் தாங்களே கழுவி வைக்கவேண்டும், பெஞ்சில் உட்காரக் கூடாது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பிறகும் தொடர்ந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் ஆங்காங்கே ஒளிந்து தொடர்ந்தது. சில ஊர்களில் கிளாஸுக்குப் பதில் காகிதக் கப்பைக் கொடுத்து அதே வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள். மூணாறு கிளப்புக்காரர்கள் வாசலை மூடி வைத்தார்கள். நாம் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு கிளாஸைப் பிரித்தோம். எது பெரிய குற்றம் என்று கேட்டால், நம்முடையதுதான் என்பேன். நேராக நின்று கேள்வி கேட்டு, வழக்குப் போட்டு, ஒரே கிளாஸை வாங்கிக் குடித்தவர்களால்தான் டீக்கடை பொது இடமாயிற்று. அந்தப் பெயரை அவர்கள் சம்பாதித்துக் கொடுத்தார்கள்.

பப் இங்கே வரவில்லையா என்று கேட்கலாம். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, மறுபடி இறுகியது, மறுபடி தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில். அதற்கு வெளியே பார் உரிமம் என்பது விடுதிகளுக்கும் கிளப்புகளுக்கும்தான். ஒரு குடும்பம் தன் வீட்டு முன்னறையில், பழகின முகங்களுக்கு, நிதானமாக ஊற்றிக் கொடுக்கிற ஆங்கில பப்புக்குத் தமிழ்நாட்டில் இடமே இல்லை. நகரத்து ஓட்டல்களில் மரப்பலகையும் மங்கல் விளக்கும் வைத்து அந்தத் தோற்றத்தை மட்டும் நகல் எடுக்கிறார்கள். டீக்கடைக்கும் நகல்கள் வந்துவிட்டன. ஒரே நிறப் பலகை, ஒரே விலைப்பட்டியல், குல்லாய் போட்ட பையன். டீ மோசமில்லை. ஆனால் கடன் நோட்டு இல்லாத கடையில் ஊரின் நல்லது கெட்டது தங்காது.

போடிக்கு 1928இல் வந்த ரயில் அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நின்றுபோனது. 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பி வந்திருக்கிறது. இறங்குகிறவர்கள் நேராக மூணாறுக்கு ஜீப் தேடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிற நாளில் ஏதாவது ஒரு பழைய கடையில் உட்காருங்கள். லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக்கடையில் கப்பல் சேதி பேசிப் பேசித்தான் லாயிட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை பிறந்தது. இங்கே அதே மாதிரி ஏலக்காய் விலை, மலையில் மழை, எந்தத் தோட்டம் கைமாறுகிறது என்று எல்லாம் டீயோடு கிடைக்கும்.

கம்பத்திலும் கூடலூரிலும் விடிவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். ஊர் தூங்கும்போதே பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும். இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று தினமும் மலையேறி, தினமும் இறங்குகிறவர்கள். அந்த நேரத்தில் கடையின் முக்கால்வாசி வியாபாரம் அவர்களால்தான். ஆனால் அவர்கள் நின்றுகொண்டே குடிக்கிறார்கள், அல்லது பார்சல் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிக் குடிக்கிறார்கள். பெஞ்சில் ஆண்கள் இருப்பார்கள். வடை தட்டுகிற கடைக்காரம்மாகூட அடுப்படியில் நின்றுதான் தன் டீயைக் குடிப்பார். லண்டனில் ட்வைனிங் 1717இலும், ரொட்டிக்கடைப் பெண்மணி 1864இலும் சரிசெய்த விஷயம் இது.

கடை நடத்துகிற குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் ஒரு பெஞ்சைக் காலி செய்து அந்தப் பெண்களை உட்காரச் சொல்லுங்கள். அக்கா, உக்காந்து குடிங்க என்று மாஸ்டர் ஒருமுறை சொன்னால் போதும், மறுநாள் அவர்களே உட்காருவார்கள். பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களே, நீங்கள் செய்யவேண்டியது கொஞ்சம் நகர்ந்து உட்காருவதுதான்.